குமரிக்கண்டமும் ஒரு கணக்குப் பிழையும்

தலைப்பைப் பார்த்ததுமே சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். தமிழைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தமிழின் பெயரைச் சொல்லி விற்கப்படும் ஒரு போலிச் சரக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கன்னியாகுமரிக்குத் தெற்கே மடகாஸ்கர் வரை, ஆஸ்திரேலியா வரை ஒரு பெருங்கண்டம் இருந்ததாம். அதில் தமிழன் ஆண்டானாம். ஒரு நாள் கடல் வந்து மொத்தத்தையும் விழுங்கிவிட்டதாம். பட்டிமன்ற மேடையில் ஆரம்பித்து இன்றைக்கு வாட்ஸ்அப் வரைக்கும் இந்தக் கதை ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் படிப்பது பி.காம். மலையடிவாரத்து வாசுதேவநல்லூர்க்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்தது இரட்டைப் பதிவு முறை. ஒரு பக்கம் வரவு என்றால் இன்னொரு பக்கம் பற்று இருந்தே ஆகவேண்டும். கடல் மட்டமும் அப்படித்தான். கடலில் தண்ணீர் கூடியது என்றால் அது எங்கிருந்து வந்தது என்று காட்டுங்கள்.

அது வந்த இடம் துருவங்களைச் சுற்றிய பனி. சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன்பு கனடா முழுவதும், ஸ்காண்டிநேவியா முழுவதும் சில இடங்களில் மூன்று கிலோமீட்டர் உயரத்துக்குப் பனி கிடந்தது. அப்போது கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே. கணக்குப் போட்டுப் பாருங்கள். உலகக் கடல்களின் பரப்பு சுமார் 36 கோடி சதுர கிலோமீட்டர். 120 மீட்டர் என்பது 0.12 கிலோமீட்டர். பெருக்கினால் சுமாராக 4.3 கோடி கன கிலோமீட்டர் தண்ணீர். அத்தனையும் கடலில் இருந்து எடுக்கப்பட்டு வடக்கிலும் தெற்கிலும் பனியாக டெபாசிட் செய்யப்பட்டிருந்தது. பனி உருகியபோது அந்த டெபாசிட் கடலுக்குத் திரும்பி வந்தது. ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பட்டுவாடா பெரும்பாலும் முடிந்துவிட்டது.

அப்படியானால் நம் பக்கம் நிலம் போகவே இல்லையா? போனது! இதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. பாக் நீரிணை ஆழமே இல்லாத கடல். பனிக்காலத்தில் ராமேஸ்வரத்தில் இருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்று மீனவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு திட்டு உண்டு. சுமார் 10,000 சதுர கிலோமீட்டர். 1976 ஒப்பந்தத்தில் இந்தியாவின் கைக்கு வந்த மீன்வளப் பகுதி அது. அதன் பெரும்பகுதி அன்று தரையாக இருந்திருக்கும். மூழ்கிய குமரி நிலம் என்று ஒன்று வேண்டுமானால் அதைச் சொல்லுங்கள், நானும் கை தட்டுகிறேன். அதைத் தாண்டினால் கடல் 3,000 மீட்டர், 4,000 மீட்டர் என்று இறங்குகிறது. 120 மீட்டர் தண்ணீர் வற்றினால் அங்கே கண்டம் எப்படி ஐயா வெளியே தெரியும்?

லெமூரியா என்ற பெயரே நம்முடையது அல்ல. 1864-ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், மடகாஸ்கரின் லெமூர்களுக்கும் இந்தியாவில் உள்ள அவற்றின் உறவுகளுக்கும் பாலம் போடுவதற்காகச் செய்த ஊகம் அது. கண்டங்களே நகர்கின்றன என்று 1912-ல் சொன்னவர் ஆல்ஃபிரட் வெகனர். 1930-ல் கிரீன்லாந்துப் பனியிலேயே இறந்துபோனார். 1960களில் அவர் சொன்னது உறுதியானதும் ஸ்கிளேட்டரின் பாலத்துக்கு வேலையில்லாமல் போனது. அறிவியல் தூக்கிப்போட்டதை நாம் எடுத்துப் பொட்டு வைத்துப் பூஜை செய்கிறோம்.

"சிலப்பதிகாரத்தில் கடல்கோள் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. 2004 டிசம்பரைப் பார்த்தவர்களுக்குக் கடல்கோள் என்றால் என்னவென்று தெரியும். அதற்குக் கண்டம் மூழ்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் கதைகளில் 7,000 ஆண்டுக்கு முந்திய கடலேற்றத்தின் நினைவு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். நம்மிடமும் அப்படி ஒரு நினைவு இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு கரையோரப் பட்டையின் நினைவாகத்தான் இருக்க முடியும். பாண்டியரின் கொற்கையைப் பாருங்கள். அன்று துறைமுகம், இன்று கடலில் இருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. தாமிரபரணி வண்டல் கொட்டி நிலத்தை வளர்த்திருக்கிறது. அங்கே கடல் நிலத்தைக் கொள்ளவில்லை, நிலம்தான் கடலைக் கொண்டது!

துருவக் கரைகளின் கதை இதைவிட ஆச்சரியம். பனியின் பாரத்தில் அமுங்கிக் கிடந்த தரை, பனி போனதும் மெத்தை மாதிரி எழும்புகிறது. ஸ்வீடனில் ஹோகா குஸ்தென் என்ற இடத்தில் பழைய கடற்கரை இன்று 286 மீட்டர் உயரத்தில் மலைமேல் இருக்கிறது. லூலியோ என்ற ஊரின் துறைமுகம் தூர்ந்துபோனதால் 1649-ல் ஊரையே இடம் மாற்றினார்கள். ஒரே பனி உருகல் அவர்களுக்கு நிலம் கொடுத்தது, நம்மிடம் எடுத்தது. இனியும் அப்படித்தான். பெரிய பனிப்பாளம் தன் ஈர்ப்பால் பக்கத்துக் கடலை இழுத்து வைத்திருக்கிறது. கிரீன்லாந்துப் பனி கரைந்தால் கிரீன்லாந்துக் கரையில் கடல் இறங்கும். தூரத்தில் இருக்கிற நமக்குத்தான் ஏறும். பனி அவர்கள் பேரில், பில் நம் பேரில்.

என் கோபம் இங்கேதான். 1901-க்கும் 2018-க்கும் நடுவில் உலகக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. வேகமும் கூடிக்கொண்டே போகிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று படித்தோம். அதில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நம் காலத்திலேயே தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி விற்றதுதான் அதற்கு முக்கியக் காரணம். காரியாச்சல்லியும் சுருங்கிக்கொண்டு வருகிறது. இல்லாத கண்டத்துக்கு மேடை போட்டு ஒப்பாரி வைப்பவர்களில் எத்தனை பேருக்கு இந்தத் தீவுகளின் பெயர் தெரியும்?

பழம்பெருமை வேண்டாம் என்று சொல்லவில்லை. கொற்கை போதாதா, கீழடி போதாதா? பொய்க்கணக்கு எழுதிச் சொத்து காட்டும் கம்பெனிக்கு என்ன கதி என்று காமர்ஸ் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். உண்மையான சொத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்த முறை யாராவது குமரிக்கண்டம் என்று ஆரம்பித்தால் மரியாதையாக இரண்டே கேள்வி கேளுங்கள். அந்த இடத்தில் கடலின் ஆழம் என்ன, அண்ணாச்சி? விலங்குச்சல்லி எங்கே போச்சு?