மடியில் கனமும் வழியில் பயமும்

இணையத்தில் பொருள் விற்பவரின் பணம் வரும் வழி ஒரே இரவில் அடைபடுவது இன்று அபூர்வமான சம்பவம் அல்ல. வாடிக்கையாளர் செலுத்திய தொகை, அதை வாங்கி விற்பவரிடம் சேர்க்கும் கேட்வே நிறுவனத்திடம் ‘ஹோல்டு’ ஆகிறது. ‘ரிஸ்க்’ என்ற ஒற்றைச் சொல்லைச் சுமந்துகொண்டு ஒரு மின்னஞ்சல் வருகிறது. மறுநாள் காலையிலிருந்து கடைப்பக்கத்தில் பணம் செலுத்தும் பொத்தான் மட்டும் வேலை செய்வதில்லை. புனேயை அடுத்த சிஞ்ச்வடில் அடுக்குமாடி வீடு ஒன்றிலிருந்து மாவடுவும் முறுக்கும் பெட்டி கட்டி ஊர் ஊராக அனுப்புகிறவருக்கு இப்படி ஆகிவிட்டால், அக்கம்பக்கத்தில் எழும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “என்ன தப்பு பண்ணீங்க?” கேட்பவர் பெரும்பாலும் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு வேலை பார்த்து, மாதச் சம்பளம் ஒருநாளும் தவறாமல் வாங்கி ஓய்வு பெற்றவராக இருப்பார். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்ற உபதேசமும் கேள்வியோடு இலவசமாகக் கிடைக்கும்.

இந்தப் பழமொழியைச் சொல்பவர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்டதில்லை. மடியில் கனம் என்றால் இடுப்பில் செருகிய பணமுடிப்பு. அது இல்லாதவனைத் திருடன் சீண்டமாட்டான் என்பதுதான் செய்தி. கனத்துக்குக் குற்றம் என்று பொருள் ஏற்றியது பிற்காலத்து வேலை. வியாபாரம் செய்பவரின் மடியில் கனம் இருந்தே தீரும், இல்லாவிட்டால் அவர் வியாபாரி அல்ல. இணைய வியாபாரியின் சங்கடம் இதைவிடப் பெரியது. அவருடைய முடிப்பு அவர் மடியில்கூட இல்லை, வேறொருவர் மடியில் இருக்கிறது.

உதாரணத்துக்கு, 2020 மார்ச் 5ஆம் தேதி மாலை ரிசர்வ் வங்கியின் கோரிக்கையின்பேரில் மத்திய அரசு யெஸ் வங்கியின் மீது தடை விதித்தது. ஒரு கணக்கிலிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று ஆயிற்று. ஃபோன்பே அப்போது தன் யுபிஐ பரிமாற்றங்களுக்கு நம்பியிருந்தது அந்த ஒரு வங்கியைத்தான். அன்றிரவே செயலி படுத்துவிட்டது. ஃபோன்பே என்ன தப்பு பண்ணியது? கேஒய்சி தரவில்லையா? கள்ளப் பொருள் விற்றதா? வால்மார்ட்டின் பணம் பின்னால் நின்ற, நாட்டின் மிகப் பெரிய யுபிஐ செயலிகளில் ஒன்று, வேறு யாரோ கொடுத்த வாராக் கடனுக்காக வாய் பொத்தி நின்றது. ஏறத்தாழ ஒரு நாளில் ஐசிஐசிஐ வங்கி வழியாக அது எழுந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே இரவில் இன்னொரு வங்கியின் கதவைத் தட்டித் திறக்க வைக்கும் செல்வாக்கு ஃபோன்பேக்கு இருந்தது. மாவடு விற்பவர் தட்டினால் உள்ளிருந்து பதில் சொல்வது சாட்பாட் மட்டுமே.

பணம் நகரும் பாதையைப் பார்த்தால் இதில் வியப்பு இருக்காது. வாங்குபவரின் வங்கி, அட்டை அல்லது யுபிஐ வலையமைப்பு, பேமென்ட் அக்ரிகேட்டர் எனப்படும் கேட்வே நிறுவனம், அக்ரிகேட்டர் பணம் வைத்திருக்கும் எஸ்க்ரோ வங்கிக் கணக்கு, விற்பவரின் வங்கி என்று குறைந்தது ஐந்து கைகள் மாறுகின்றன. இவற்றில் எந்தக் கை இழுத்துக்கொண்டாலும் செட்டில்மென்ட் நிற்கும். விற்பவர் சம்பந்தப்பட்ட காரணங்கள் என்று பார்த்தாலும் அவை பெரும்பாலும் அற்பமானவை. பான் அட்டையில் ஒரு எழுத்து, வங்கிக் கணக்கில் வேறு எழுத்து. திருவிழாக் காலத்தில் விற்பனை திடீரென்று பத்து மடங்கானது. வாடிக்கையாளர்கள் தங்கள் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் நாலைந்து சேர்ந்தாற்போல் வந்தது. தீபாவளிக்கு முறுக்கு அதிகம் விற்றால் இயந்திரத்துக்குச் சந்தேகம் வருகிறது. தீபாவளிக்கு விற்காத முறுக்கு வேறு எப்போது விற்கும் என்று இயந்திரத்துக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

நேர்மைக்குப் பாதுகாப்பு உண்டு என்று சிஞ்ச்வட்காரர்கள் நம்புவதுதான் வேடிக்கை. பக்கத்துப் பிம்பிரியில் இருந்த சேவா விகாஸ் கூட்டுறவு வங்கியின் உரிமத்தை ரிசர்வ் வங்கி 2022 அக்டோபரில் ரத்து செய்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் புனேயின் நூறாண்டு கடந்த ரூபி கூட்டுறவு வங்கிக்கும் அதே கதி. அங்கே பணம் 2013 பிப்ரவரியிலிருந்தே கட்டுப்பாட்டில் கிடந்தது. இவற்றில் நடப்புக் கணக்கு வைத்திருந்த கடைக்காரர்கள் எல்லாரும் ஏதோ தப்பு பண்ணியவர்களா? 2024 ஜனவரி 31 அன்று இனிப் பணம் ஏற்கக் கூடாது என்று பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கியின் ஆணை வந்தபோது குற்றம் வங்கியின் மேல்தான். கணக்கை வேறு வங்கிக்கு மாற்ற அலைந்ததோ அங்கே கணக்கு வைத்திருந்த கடைக்காரர்கள். அப்போதும் மார்ச் 15 வரை அவகாசம் கிடைத்தது. ஃபோன்பேக்கு ஒரு மாலை நேரம்கூடக் கிடைக்கவில்லை.

சைபர் புகார்களின் பேரில் நடக்கும் முடக்கம் இன்னொரு தனிக் கொடுமை. மோசடிப் பணம் கைமாறி, அதில் இருநூறு ரூபாய்க்கு ஒருவன் பொருள் வாங்கியிருந்தால் போதும், வேறு மாநிலத்துக் காவல்துறையின் கடிதத்தில் விற்றவரின் கணக்கு முழுதும் உறைந்துவிடும். புகாரில் உள்ள தொகைக்கு மட்டும் முடக்கத்தை வரையறுக்க வேண்டும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2023இல் சொல்லவேண்டி வந்தது. காவல்துறை மட்டுமல்ல, வரித்துறையும் உண்டு. வருமானம் யுபிஐயில் பதிவானதை வைத்து 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை வரி கேட்டு நோட்டீஸ் அனுப்ப, பெங்களூருக் கடைகளில் ‘யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்று அட்டை தொங்கியது. டிஜிட்டலுக்கு வா வா என்று பத்தாண்டு கூப்பிட்டவர்களுக்குக் கிடைத்த அழகான பதில் அது.

“ஒரு கேட்வே போனால் இன்னொன்று” என்பது, நேர்மைக்குப் பாதுகாப்பு உண்டு என்ற நம்பிக்கையின் தம்பி. 2022 டிசம்பரில் ரேஸர்பே, கேஷ்ஃபிரீ இரண்டுமே புது வியாபாரிகளைச் சேர்க்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி நிறுத்திவைத்தது. தடை விலக ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டில் கேட்வேயை இழந்து இன்னொன்று தேடியவருக்குப் பெரிய கதவுகளில் இரண்டு மூடியே கிடந்தன. ஆகவே இரண்டாவது கேட்வே கணக்கைத் தொல்லை இல்லாத நாளில் திறந்து, மாதத்துக்குச் சில ஆர்டர்களையாவது அதன் வழியே ஓடவிட வேண்டும். ஓடாத கணக்கில் திடீரென்று பணம் கொட்டினால் அதுவும் ‘ரிஸ்க்’ ஆகிவிடும். இரண்டும் ஒரே வங்கிக் கணக்கில் வந்து விழுந்தால் இரண்டு வைத்தும் பயனில்லை. கேட்வேயிடம் பாக்கியைத் தேங்கவிடாமல் அன்றாடம் எடுத்துவிடுவது, வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் சொந்தப் பதிவேட்டில் இருப்பது, பில், கூரியர் ரசீது, பொருள் சேர்ந்ததற்கான சான்று மூன்றும் ஆர்டர்வாரியாகக் கைவசம் இருப்பது ஆகியவை அடுத்த தேவைகள். மாதச் சந்தா வாங்குபவர்களின் நிலை இன்னும் மோசம். 2022 அக்டோபரிலிருந்து விற்பவர் அட்டை எண்ணைச் சேமித்துவைக்க முடியாது, அதற்குப் பதிலான டோக்கன் குறியீடு மட்டுமே. கேட்வே மாறினால் பெரும்பாலும் வாடிக்கையாளர்கள் எல்லாரும் மீண்டும் அட்டையைப் பதிய வேண்டியிருக்கும். பாதிப் பேர் பதியமாட்டார்கள்.

முடங்கிய முதல் நாளில் செய்யவேண்டியது கோபப்படுவது அல்ல, எழுத்தில் கேட்பது: எந்தத் தொகை, எந்தக் காரணம், எந்தத் தேதி வரை. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அதற்குள் தயாரான பெட்டிகளை, பொருள் கைக்கு வந்ததும் பணம் என்ற பழைய முறையில் அனுப்புவதே உத்தமம். கூரியர்காரர் அந்தப் பணத்தைத் தன் மடியில் எத்தனை நாள் வைத்துக்கொள்வார் என்பது வேறு கதை.

சிஞ்ச்வடின் பட்டறைகளில் இதற்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு பாகத்துக்கு இரண்டு சப்ளையர் என்பது வாகனத் தொழிலின் பழைய வழக்கம். இரண்டாவது சப்ளையரை வைத்ததற்காக முதல் சப்ளையர் திருடன் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. அந்தத் தொழிலில் முப்பது ஆண்டு இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள், பணம் நின்றுபோன பக்கத்து வீட்டுக்காரரிடம் என்ன தப்பு என்று விசாரிப்பதை விட்டு, இரண்டாவது கணக்கு இருக்கிறதா என்று கேட்கட்டும்.