விட்ட இசையைத் தொட்டுப் பாருங்கள்!

ஸ்ரீபெரும்புதூர் என்றால் இராமானுசர் பிறந்த ஊர் என்பார்கள் பெரியவர்கள். கார் செய்யும் ஊர் என்கிறார்கள் பிள்ளைகள். இரண்டும் உண்மைதான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. இன்று சாலை நெடுக ஆலைகள். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் ஆண்களும் பெண்களும் இங்கே வேலைக்கு வருகிறார்கள்.

அவர்களில் சிறு வயதில் பாட்டு, மிருதங்கம், நாதசுரம், ஆர்மோனியம் கற்றவர்களும் உண்டு. வேலை கிடைத்தது, வாத்தியம் பரணில் ஏறியது. கலியாணம், குழந்தை, கடன் தவணை, இரவு ஷிப்டு என்று ஆண்டுகள் ஓடிவிட்டன. "இனிமேல் எங்கே?" என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

இனிமேலும் முடியும் என்கிறோம் நாம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் அல்லவா? ஆனால், எடுத்த எடுப்பில் வாத்தியத்தைத் தொட வேண்டாம். முதலில் இசையின் இலக்கணத்தைத் தொடுங்கள்.

ஏன் இலக்கணம்?

பத்து ஆண்டு சும்மா இருந்த விரல் சொன்னபடி கேட்காது. முதல் நாளே பழைய கீர்த்தனையை வாசிக்கப் பார்த்தால் அபசுரம்தான் வரும். மனம் ஒடிந்துபோகும். வாத்தியம் மறுபடி பரண் ஏறிவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. விடுதி அறையில் பலர் சேர்ந்து இருப்பார்கள். இரவு ஷிப்டு முடித்த ஒருவர் பகலில் தூங்குவார். அங்கே மிருதங்கம் தட்ட முடியுமா? இலக்கணத்துக்கு ஓசை வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். ஆலை பஸ்ஸில் போகும்போதே படிக்கலாம்.

சிறு வயதில் வாத்தியார் சொன்னதைச் செய்தோம். 'ஏன்?' என்று கேட்கத் தெரியவில்லை. இப்போது கேட்கத் தெரியும். வயது வந்தவருக்கு உள்ள பெரிய வசதி இதுதான்.

விரலில் தாளம், கட்டையில் இராகம்

தாளத்தைப் பாருங்கள். ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை. ஒரு தட்டு, மூன்று விரல்: 4. பிறகு தட்டு, வீச்சு: 2. மறுபடி தட்டு, வீச்சு: 2. இப்படி அடிப்படைத் தாளம் 7, ஜாதி 5. பெருக்கினால் 35 தாளம். நொடி பிசகாமல் இயந்திரத்தோடு வேலை செய்பவருக்கு இந்தக் கணக்கு கடினமா?

இராகத்துக்கு வருவோம். நோட்டில் ஒரு ஆர்மோனியத்தின் கட்டைகளை வரையுங்கள். கறுப்புக் கட்டைகள் மூன்று ஒரு கூட்டமாகவும், இரண்டு ஒரு கூட்டமாகவும் மாறி மாறி வரும். மூன்றில் முதல் கட்டையை 'ச' என்று வைத்து, கறுப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் மோகனத்தின் சுரங்கள்! இரண்டாவது கட்டையை 'ச' ஆக்கினால் மத்தியமாவதி. மூன்றாவதை 'ச' ஆக்கினால் இந்தோளம். அடுத்த கூட்டத்தில் முதல் கட்டை சுத்த சாவேரி. இரண்டாவது சுத்த தன்யாசி.

கட்டை ஐந்துதான். 'ச' இருக்கும் இடம் மாறியது; இராகமும் மாறியது. இதற்குப் பண்ணுப் பெயர்த்தல் என்று பெயர். சிலப்பதிகாரக் காலத்துத் தமிழர் அறிந்த வித்தை இது. மோகனத்தை ஆயிரம் முறை பாடியவருக்கும் இந்த உறவு தெரியாமல் இருக்கலாம். தெரிந்தபின் கேட்கும் பாட்டெல்லாம் புதிதாக ஒலிக்கும்.

வைத்தியர் காட்டிய வழி

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) தொழிலால் சித்த வைத்தியர். திண்டுக்கல்லில் இருந்த இளமைக் காலத்தில் இசை கற்றார். பிறகு தஞ்சையில் வைத்தியம் அவரை இழுத்துக்கொண்டது. ஆனாலும் அவர் இசையை மறக்கவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 1912-ல், சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். சொந்தப் பணத்தில் இசை மாநாடுகள் கூட்டினார். பழந்தமிழர் சுரங்களைப் பகுத்த முறையை ஆராய்ந்தார். 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய நூலை வெளியிட்டார். அத்தனையும் வைத்தியத் தொழிலை விடாமலே!

நாம் நூல் எழுத வேண்டாம். தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதல் மாதம் தாளம். அடுத்த மாதம் சுரங்களின் இடம். மூன்றாம் மாதம், தெரிந்த இராகங்களின் ஆரோகணம், அவரோகணம். அதன் பிறகு வாத்தியத்தை இறக்குங்கள். சரளி வரிசையிலிருந்து தொடங்குங்கள். அதில் வெட்கம் வேண்டாம். வீட்டில் குழந்தை இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். இருவருக்கும் ஒரே பாடம்!

ஆலை நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. விடுதியில் கேரம் போர்டுக்கு இடம் இருக்கிறது. தம்பூராவுக்கும் ஒரு சிறு அறை கொடுங்கள். அரசுக்கும் ஒரு வேண்டுகோள். காஞ்சிபுரத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. வயதைப் பாராமல், தொழிலாளருக்கென்று ஞாயிறுதோறும் ஒரு வகுப்பை அங்கே நடத்தலாமே! செலவு சிறிது, பலன் பெரிது.

ஆலைக்குத் தொழிலாளியின் கை வேண்டும். வீட்டுக்கு அவர் பாட்டும் வேண்டும். இன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு நோட்டை எடுங்கள்; கட்டைகளை வரையுங்கள்!