ஒரு புட்டி பீர் என்ன விலை?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய மாணவன் ஒருவன் நம்மைப் பார்க்க வந்திருந்தான். இராயபுரத்தில் நம்மிடம் கணக்குப் படித்தவன். இப்போது லண்டனில் உத்தியோகம் பார்க்கிறான். பழைய மாணவன் தேடி வந்தால் வாத்தியாருக்கு ஏற்படும் பெருமையைச் சொல்ல வேண்டியதில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "சீமை வாழ்க்கை எப்படியிருக்கிறது, தம்பி?" என்று விசாரித்தோம்.

"சௌகரியந்தான், சார். ஆனால் விலைவாசியைத்தான் சொல்லி முடியாது. ஒரு பைன்ட் பீர் 5 பவுன் ஆகிவிட்டது!" என்றான். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது ஞாபகம் வந்தது போலிருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான்.

அடுக்களையில் காப்பி கலந்துகொண்டிருந்த நம் இல்லத்தரசியின் காதுக்கு இந்த மாதிரி விஷயங்கள் மட்டும் தவறுவதே இல்லை. "5 பவுன் என்றால் நம் பணத்தில் எவ்வளவு, தம்பி?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தாள். 500 ரூபாய்க்கு மேல் என்று தெரிந்ததும், "ஒரு டம்ளர் கசப்புத் தண்ணீருக்கா! ஒரு வாரக் காய்கறி ஆயிற்றே!" என்றாள்.

பீரின் ருசியை நாம் அறியோம். அதற்காகக் கணக்கைக் கூடவா போடாமல் இருப்பது? பையன் போன பிறகு ஒரு காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அதில் கிடைத்த விடைகளை நேயர்களிடம் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை.

விலை என்பது ரூபாயில் மட்டும் இருப்பதன்று. அந்த ரூபாயைச் சம்பாதிக்க எவ்வளவு நேரம் உழைக்க வேண்டும் என்பதே உண்மையான விலை. இங்கிலாந்தில் வயது வந்த தொழிலாளிக்கு மணிக்கு 12.21 பவுனுக்குக் குறையாமல் கூலி தரவேண்டுமென்று 2025 ஏப்ரலில் நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்குப்படி 5 பவுன் பீருக்கு அங்கே ஏறக்குறைய 25 நிமிஷம் உழைத்தால் போதும். இனி நம் திருவொற்றியூருக்கு வருவோம். துறைமுகத்தை நோக்கிச் செல்லும் எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் ரயில் வண்டி போல் வரிசையாக நிற்கும் காட்சியை அன்பர்கள் பார்த்திருப்பார்கள். அங்கே மூட்டை தூக்கும் ஒருவருக்கு 8 மணி நேர வேலைக்கு 700 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சர்க்கார் கடையில் 650 மில்லி பீர் புட்டி ஒன்று 160 ரூபாய் என்றால், அதற்காக அவர் 1 மணி 50 நிமிஷம் சுமை தூக்கியாக வேண்டும். சீமைப் பைன்ட் 568 மில்லிதான். அந்த வித்தியாசத்தைக் கழித்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது.

ஆக, விலை அதிகம் என்று புலம்ப வேண்டியவர் லண்டன்காரர் அல்லர், நம்மூர்க்காரர்தான். ஆனால் அவர் பீர் விலையைப் பற்றிப் புலம்புவதில்லை. ஏன் தெரியுமா? அவர் பீர் வாங்குவதே அபூர்வம்! இங்கேதான் நம் பென்சில் சற்று நேரம் தயங்கி நின்றது.

650 மில்லி சாதாரணப் பீரில் சாராயச் சத்து நூற்றுக்கு 5 பங்கு என்றால் மொத்தம் சுமார் 32 மில்லி ஆகிறது. 'குவார்ட்டர்' என்று சொல்லப்படும் 180 மில்லி பிராந்தியில் நூற்றுக்கு 42.8 பங்கு, மொத்தம் சுமார் 77 மில்லி. 2024 பிப்ரவரியில் விலை ஏறிய பிறகு மலிவு ரகக் குவார்ட்டர் 140 ரூபாய் ஆயிற்று. அதாவது, பீரைவிட 20 ரூபாய் குறைவாகக் கொடுத்தால் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட போதை கிடைக்கிறது. உடம்பெல்லாம் வலியோடு, கையில் சொற்பப் பணத்தோடு கடைக்கு வரும் மனிதர் எதை வாங்குவார்? நம் கணக்கு வகுப்பில் பூஜ்யம் வாங்கியவர்கூட இந்தக் கணக்கில் தவறு செய்யமாட்டார். லேசான சரக்கை அருமையாகவும், கடுமையான சரக்கை மலிவாகவும் வைத்துவிட்டு, ஜனங்கள் கடுமையானதையே நாடுகிறார்கள் என்று அங்கலாய்ப்பதில் என்ன பிரயோஜனம்?

இது உலகத்துக்குப் புதிதன்று. 18-ஆம் நூற்றாண்டில் லண்டன் ஏழைகள் ஜின் என்னும் மலிவுச் சாராயத்தால் சீரழிந்தார்கள். 1751-இல் ஹோகார்த் என்ற சித்திரக்காரர் இரண்டு படங்களை வெளியிட்டார். ஒன்றில் பீர் குடிக்கும் தெரு செழிப்பாயிருக்கிறது. மற்றொன்றில் ஜின் குடிக்கும் சந்தில் தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழுகிறது. அதே ஆண்டில் ஜின்னைக் கட்டுப்படுத்தச் சட்டமும் வந்தது. 1830-இல் இன்னொரு சட்டம் செய்து, வருஷத்துக்கு 2 கினி கட்டினால் யாரும் பீர்க்கடை வைக்கலாம் என்றார்கள். கடைகள் மழைக்காலத்துக் காளான் போல் முளைத்தன, குடி ஓயவில்லை. பிறகு 1883-இல், மதுக்கடைகளில் வைத்துக் கூலி பட்டுவாடா செய்யக்கூடாதென்று தடுத்தார்கள். கூலியும் குடியும் ஒரே மேஜையில் சந்தித்தால் வீட்டுக்கு எதுவும் போய்ச் சேராது என்பது அப்போதுதான் உறைத்தது போலும். 2023 ஆகஸ்டிலிருந்து சாராயச் சத்து எவ்வளவோ அதற்கேற்ப வரி என்ற முறையை அங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். 272 வருஷம் கழித்து ஹோகார்த்தின் படம் வரிப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது!

நம் நாட்டுக் கதை இதைவிட விசித்திரமானது. 1929-இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை நடத்தினார். கல்கி அவருக்குத் துணையாயிருந்தார். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை ஆரம்பித்தது. கள்ளுக்கடை வருமானம் போனால் கஜானா என்ன ஆவது? அதற்காக 1939-இல் விற்பனை வரி பிறந்தது. பின்னர் 1948 அக்டோபர் 2-ஆம் தேதி, ஓமந்தூரார் முதன்மந்திரியாயிருந்தபோது, சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-இல் விலக்கை எடுத்தார்கள். 1974-இல் மீண்டும் கொண்டுவந்தார்கள். 1981-இல் மறுபடி எடுத்தார்கள். 1983-இல் டாஸ்மாக் ஸ்தாபனம் ஏற்பட்டது. 1987 ஜனவரியில் கள்ளும் சாராயமும் விடைபெற்றன. 2003-இல் சில்லறைக் கடைகளும் சர்க்கார் கைக்கு வந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மதுவிலக்கு போய்விட்டது, அதற்கு ஈடாக வந்த வரி போகவில்லை. 2024-25-ஆம் ஆண்டில் மதுவினால் தமிழ்நாடு சர்க்காருக்குக் கிடைத்த வருமானம் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் பெரும்பங்கு ஆயத்தீர்வை அன்று. விற்பனை வரியின் வாரிசாகிய மதிப்புக் கூட்டு வரிதான்! கள்ளுக்கடையை மூடுவதற்காகப் பிறந்த குழந்தை, வளர்ந்து கல்லாப்பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது.

"அப்படியானால் விலையை இன்னும் ஏற்றிவிட்டால் போகிறது" என்று சிலர் சொல்வார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்ததை அவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறோம். கடைச் சரக்கைவிட மலிவாகக் கிடைத்த கள்ளச் சாராயத்தில் மெதனால் கலந்திருந்தது. 60-க்கு மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். எல்லாவற்றிலும் மலிவான சரக்குக்குத்தான் எல்லாவற்றிலும் பெரிய விலை கொடுக்க நேர்ந்தது.

போகட்டும், விலையைப் பற்றிப் பேசியாயிற்று. மதிப்பு என்ன? இதை நம் லண்டன் மாணவனிடமே கேட்டோம். அவன் சற்று யோசித்துவிட்டு, "பீருக்காக மட்டும் பப்புக்குப் போவதில்லை, சார். வெளியே குளிர். உள்ளே நெருப்பு எரியும். ஒரு பைன்ட் வாங்கிக்கொண்டு 2 மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுந்து போ என்று யாரும் சொல்லமாட்டார்கள். தெரிந்தவன், தெரியாதவன் எல்லாரோடும் பேசலாம்" என்றான்.

நமக்கு இந்தப் பதில் வெகு முக்கியமாகப் பட்டது. அவன் வாங்குவது ஓர் இடம். பீர் அந்த இடத்துக்கு வாடகை. நம் தொழிலாளி வாங்குவது என்ன? கம்பி வலைக்குள் கையை நீட்டிப் புட்டியைப் பெறுகிறார். பக்கத்தில் ஒரு சுவரோரம் நின்று, தண்ணீர்ப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து ஊற்றி, மருந்து போல் ஒரே மூச்சில் விழுங்குகிறார். 5 நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடுகிறது. ஒன்றரை மணி நேர உழைப்புக்கு 5 நிமிஷம். அதிலும் உட்கார இடமில்லை. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டிலிருந்து வந்த மனிதருக்கு இந்த ஊரில் உட்கார இடம் எங்கே இருக்கிறது?

உண்டு என்று சொல்வதற்கு வட சென்னையில் ஒரே ஒரு சாட்சி இருக்கிறது. அதுதான் கேரம் பலகை. இராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் சந்துக்குச் சந்து நாலு கால் நட்டு, ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, மாவைத் தூவி ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆடுபவர் நால்வர் என்றால் வேடிக்கை பார்ப்பவர் பதினால்வர். செலவு, தூவுகிற மாவுதான். புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ டிரைவர் ஒருவரின் புதல்வி காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவுக்குப் போய் உலகக் கேரம் போட்டியில் 3 தங்கப் பதக்கங்கள் வென்று வந்தாள். சீமையில் பப்பு எந்தக் காரியத்தைச் செய்கிறதோ, அதே காரியத்தை இங்கே அந்தப் பலகை செய்கிறது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே போன பெண் பதக்கத்தோடு திரும்பி வருகிறாள்.

இவ்வளவும் எழுதத் தூண்டியது உண்மையில் லண்டன் பையன் அல்லன். அவன் வந்து போன மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஓர் அம்மாள் நமக்காகக் காத்திருந்தார். மீன் கூடையை வெளியே இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தார். மகன் எட்டாம் வகுப்பு. "சார், பையனுக்கு வர்ற உதவிப் பணம் எந்தக் கணக்கிலே விழும்?" என்று கேட்டார்.

"அப்பா கணக்கைத்தானே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், அம்மா?" என்றோம்.

"அதை மாத்தி என் பேருக்குப் போட்டுடுங்க, சார். அவரு நல்லவருதான். பணம் வந்தா மட்டும் கை நிக்காது" என்றார். குறை கூறும் தொனியே அதில் இல்லை. கடல் இன்று கொந்தளிப்பாயிருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

2023 செப்டம்பர் முதல் குடும்பத் தலைவிகளுக்குச் சர்க்கார் மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை கொடுத்து வருகிறது. நல்ல காரியம், அந்த அம்மாளும் வாங்குகிறார். 140 ரூபாய்க் குவார்ட்டர் ஏழு வாங்கினால் 980 ரூபாய். மாதத்தின் முதல் வாரம் முடிவதற்குள், மனைவி கையில் கொடுத்தது கணவன் கை வழியாகக் கடைக்குத் திரும்பிப் போய்விடுகிறது. மிச்சம் 20 ரூபாய். நாளுக்கு ஒன்று என்றால் மாதம் 4,200 ரூபாய். அது அந்த வீட்டு வாடகையாயிருக்கலாம், பையனின் படிப்பாயிருக்கலாம்.

ஒரே நாளில் எல்லாக் கடைகளையும் மூடிவிடு என்று நாம் சொல்ல வரவில்லை. 2016-இலும், 2017-இலும், 2023-இலும் ஐந்நூறு ஐந்நூறாக மூடினார்கள். அது நல்ல வழி, தொடரட்டும். போதைக்குத் தக்க வரி என்ற நியாயத்தை இங்கும் யோசிக்கட்டும். வருகிற வருமானத்தில் ஒரு துளியை எடுத்து, கடை இருக்கும் ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு விளக்கு, நாலு பெஞ்சு, ஒரு பத்திரிகை, ஒரு கேரம் பலகை வைத்து, இரவு 10 மணி வரை திறந்திருக்கட்டும். கடை திறந்திருக்கும் நேரம் மட்டுமாவது இதுவும் திறந்திருக்க வேண்டாமா?

அந்த அம்மாளின் விண்ணப்பத்தை அன்றே எழுதிக் கொடுத்தோம். கையெழுத்துப் போடும்போது, "எவ்வளவு நாளாகும், சார்?" என்று கேட்டார். பத்து நாள் என்றோம். விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "சம்பளத் தேதிக்கு முந்தியே ஆயிடும்" என்று சொல்லிக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனார். கணக்கில் அவர் நம்மைவிடக் கெட்டிக்காரர்.