பட்டனுக்குப் பலியான சிப்பிகள்

பிளாஸ்டிக் பரவுவதற்கு முன்பு, பளபளக்கும் சட்டை பட்டன்கள் பலவற்றையும் சிப்பி ஓட்டிலிருந்துதான் வெட்டி எடுத்தார்கள்.

ஜெர்மனியில் பட்டன் தொழில் செய்த ஜான் போப்பிள், பிழைப்புத் தேடி அமெரிக்கா போனார். மிசிசிப்பி ஆற்றுச் சிப்பிகளின் கெட்டியான ஓடு அவர் கண்ணில் பட்டது. 1891-ல், ஆற்றோரம் இருந்த மஸ்கட்டீன் என்ற ஊரில் பட்டறை போட்டார். தொழில் தீயாய்ப் பரவியது. 1905-ல் அந்த ஒரே ஊரில் 150 கோடி பட்டன்கள் தயாராகின!

படகு படகாக அள்ளியதில் ஆற்றின் அடிப்பகுதி காலியானது. காலியானது வெறும் ஓடு அல்ல, ஆற்றின் வடிகட்டி. வளர்ந்த சிப்பி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 40 லிட்டர் தண்ணீர் வரை உறிஞ்சி, பாசியையும் நுண்கிருமிகளையும் தின்றுவிட்டு, தெளிந்த நீரை வெளியே விடும்.

'அள்ளுவதை நிறுத்தினால் தானாகப் பெருகிவிடாதா?' என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். சிப்பிக் குஞ்சுகள் மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு சில வாரங்கள் வளர்ந்தால்தான் பிழைக்கும். இதற்காகச் சில தாய்ச் சிப்பிகள் தங்கள் சதையின் ஓரத்தைக் குட்டி மீன் போல ஆட்டும். இரை என்று நம்பிப் பெரிய மீன் கடிக்க வந்ததும், அதன் வாயில் குஞ்சுகளைப் பீய்ச்சிவிடும்!

ஒவ்வொரு வகைச் சிப்பிக்கும் அதற்கேற்ற மீன்தான் வேண்டும். அணை கட்டி அந்த மீனின் வழியை மறித்தால், சிப்பிக்கு வாரிசு இல்லை. பல வகைகள் பல பத்தாண்டுகள் வாழ்பவை என்பதால், பார்ப்பதற்கு ஆற்றில் சிப்பி இருப்பது போலவே தெரியும். ஆனால் அது கிழவர்கள் மட்டுமே மிஞ்சிய ஊர். 2023-ல் அமெரிக்க அரசு 21 உயிரினங்கள் அழிந்துவிட்டதாக அறிவித்தது. அவற்றில் 8 நன்னீர்ச் சிப்பிகள்.

போப்பிள் கடைசிக் காலத்தில் அரசு மீன்வளத் துறையில் சேர்ந்து, சிப்பிகளைப் பெருக்கும் பணியில் இறங்கினார். ஆற்றில் இறங்கியபோது சிப்பி ஓடு காலைக் கிழித்தது. காயம் விஷமாகி, 1912-ல் இறந்துபோனார்.

அந்தப் பணி நிற்கவில்லை. இன்றும் மிசிசிப்பிக் கரையின் மீன் பண்ணைகளில், மீன்களின் செவுளில் குஞ்சுகளை ஒட்டவைத்து வளர்த்து, ஆற்றில் விடுகிறார்கள். சிப்பி பிழைக்க வேண்டுமானால், முதலில் மீனுக்கு வழி விட வேண்டும்.