மூன்று பாலசந்தர்களும் ஒரு தலைப்பெழுத்தும்

ஒரே பெயரில் ஒருவருக்கு மேற்பட்டோர் புகழடைந்துவிட்டால் பத்திரிகைக்காரன் பாடு திண்டாட்டந்தான். வாசகருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். பட்டவனுக்கல்லவா தெரியும்!

பாலசந்தர் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். வீணை எஸ். பாலசந்தர் (1927-1990) கர்நாடக இசையில் தனிவழி கண்டவர். பாடல்களே இல்லாத 'அந்த நாள்' படத்தை 1954இல் இயக்கியவரும் அவரே. அடுத்தவர், 1965இல் 'நீர்க்குமிழி' மூலம் இயக்குநராகி, 2010ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதைப் பெற்ற கே. பாலசந்தர். மூன்றாமவர் நம்மவர், கே.எஸ். பாலச்சந்திரன். 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பில் பஸ் கொண்டக்டராக வந்து யாழ்ப்பாணத்தையே சிரிக்க வைத்தவர். 1978இல் வெளிவந்த 'வாடைக்காற்று' படத்தில் நடித்தவர். 'கரையைத் தேடும் கட்டுமரங்கள்' நாவலின் ஆசிரியர்.

பல்லாண்டுகளுக்கு முன், வாரப் பத்திரிகையொன்றில் உதவி ஆசிரியனாக இருந்தபோது, நம்மவரைப் பற்றிய சிறுகுறிப்பொன்று என் மேசைக்கு வந்தது. தலைப்புக்கு இடம் போதவில்லை. 'எஸ்' என்ற எழுத்தை நானே வெட்டினேன். தட்டச்சுச் செய்தவர், எஞ்சியதைப் பிழையென்று கருதி, 'கே. பாலசந்தர்' என்று திருத்திவிட்டார். ஒப்புநோக்கியவருக்கும் அது சரியாகவே பட்டது. பத்திரிகை வெளிவந்த அன்று காலையிலேயே வடமராட்சிப் பெரியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, அவருக்கு அங்கை ஆயிரம் பத்திரிகை இருக்கு. எங்கட ஆளுக்கு நீங்கள்தானே இருக்கிறியள்!"

அவர் கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டோம். அதனை எத்தனைபேர் வாசித்திருப்பார்கள்?

2014ஆம் ஆண்டு இருவரையுமே காலம் கொண்டுசென்றது. பெப்ரவரியில் ரொறன்ரோவில் பாலச்சந்திரன் காலமானார். டிசம்பரில் சென்னையில் பாலசந்தர். பின்னவருக்குத் தமிழுலகம் முழுவதும் அஞ்சலி செலுத்தியது. அது தகும். முன்னவரின் மறைவு பெரும்பாலும் ஈழத்தவர் வீடுகளுக்குள்ளேயே துக்கமாக நின்றுவிட்டது. பெரிய பெயரொன்றின் நிழலில் சிறிய சமூகத்தின் கலைஞன் மறைந்துபோவதற்கு யாருடைய சதியும் தேவையில்லை. ஒரு தலைப்பெழுத்தை விட்டுவிட்டாலே போதும்.

நம் முன்னோர் இதில் நம்மைவிடக் கவனமாக இருந்திருக்கிறார்கள். சங்கப் புலவர் ஒருவரை வெறுமனே நக்கீரனார் என்று விட்டுவிடாமல், 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என ஊரையும் தந்தையையும் சேர்த்தே பதிந்துவைத்தார்கள். பிற்காலத்திலும் சிவாஜி கணேசன், ஜெமினி கணேசன் என்று மக்கள் பிரித்தறிந்தார்கள். நம் சில்லையூர் செல்வராசன் ஊர்ப்பெயரோடுதான் நிலைத்தார். இவையெல்லாம் வெறும் அலங்காரமல்ல. ஆளை அடையாளங்காட்டும் ஏற்பாடு.

இன்று தலைப்பெழுத்தைத் தவிர்த்து எழுதுவது நாகரிகமாகிவிட்டது. இணையத்தில் எழுதும் இளைய நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நம் கலைஞர் ஒருவரைப் பற்றி எழுதும்போது, தலைப்பெழுத்து, ஊர், துறை, பிறந்த ஆண்டு ஆகியவற்றை ஒருமுறையாவது முழுமையாகக் குறிப்பிடுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் தேடிவரும் பேரப்பிள்ளைக்கு அந்த ஒற்றை வரிதான் வழிகாட்டும்.

அன்று நான் மிச்சம்பிடித்தது ஓரெழுத்து இடம். அதற்காக ஒரு மனிதரையே மாற்றிவிட்டேன்.