சினமும் சம்மதமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜனாதிபதியின் நான்காண்டுப் பதவிக்காலத்தின் நடுவே வருவது இடைக்காலத் தேர்தல். பிரதிநிதிகள் சபையின் 435 ஆசனங்களும், செனற் சபையின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கும் அன்று மக்கள் தீர்ப்புக்கு உட்படுகின்றன. வாக்குச்சீட்டில் ஜனாதிபதியின் பெயர் இல்லை. எனினும் விலைவாசியால் நொந்தவனின் சினம் அவரையே தேடிச் செல்கின்றது. கடந்த நூறாண்டுகளில் 1934, 1998, 2002 ஆகிய ஆண்டுகள் தவிர, ஒவ்வோர் இடைக்காலத் தேர்தலிலும் ஜனாதிபதியின் கட்சி பிரதிநிதிகள் சபையில் ஆசனங்களை இழந்தே வந்துள்ளது.

இவ்வழக்கத்தை நம்பி, 'நாடு எம் பக்கம் வந்துவிட்டது' என எதிர்க்கட்சி மகிழ்வது இயல்பே. ஆனால் அம்மகிழ்ச்சிக்கு ஆதாரம் எங்கே? 1994ஆம் ஆண்டில் கிளின்ரனின் ஜனநாயகக் கட்சி, தொடர்ந்து 40 ஆண்டுகள் தன்வசமிருந்த பிரதிநிதிகள் சபையைப் பறிகொடுத்தது. 1996இல் அவரே மீண்டும் வென்றார். 2010இல் ஒபாமாவின் கட்சி 63 ஆசனங்களை இழந்தது. 2012இல் அவரும் மீண்டும் வென்றார். மக்கள் ஆள்வோரைக் கண்டித்தார்களேயன்றி, எதிரணியை மனமார ஏற்றுக்கொள்ளவில்லை.

மனக்குறையுடையோர் எல்லோரும் வாக்களிப்பதுமில்லை. 2014இல் தகுதியுடையோருள் நூற்றுக்கு 40 பேர்கூட வாக்களிக்கவில்லை. சினம் மிகுந்திருந்த 2018இலும் ஏறத்தாழ பாதிப்பேர் வீட்டிலேயே இருந்துவிட்டனர்.

எரிகிற வீட்டிற் பிடுங்கியது இலாபம் என்றெண்ணும் கட்சி ஒரு தேர்தலை வெல்லலாம்; நாட்டை வெல்லாது. மக்களின் சினத்தைச் சம்மதமாக மாற்ற வேண்டுமாயின், வாக்களிக்க வராதவனின் வாசலுக்கும் சென்று அவன் குறையைக் கேட்டல் வேண்டும். அதைச் செய்யாத வெற்றி ஈராண்டு இரவலேயாகும்.