கடற்கரை ஓரம் வீடா? முதலில் கம்பியைக் கவனியுங்கள்!

ஜன்னலைத் திறந்தால் கடல்... பலரின் கனவு இது. ஆனால், கட்டிய சில வருடங்களிலேயே சன்ஷேடு வெடித்து, கம்பி வெளியே தெரியும் வீடுகளும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் உண்டு.

காரணம், காற்றில் வரும் உப்பு. அது கான்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு சேரச் சேரக் கம்பி பருத்து, மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். பெயின்ட் அடித்து இதை மறைக்கலாம், நிறுத்த முடியாது.

எனவே, டைல்ஸில் மிச்சம் பிடித்தாலும் கான்கிரீட்டில் பிடிக்காதீர்கள். கடலோரச் சூழலுக்கு, ஐ.எஸ். 456 விதிப்படி குறைந்தது எம்30 கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவரும் வேண்டும். 20 மி.மீ. கவர் பிளாக் வைத்திருந்தால், கான்கிரீட் போடும் முன்பே மாற்றச் சொல்லுங்கள். கலவைக்கும் கியூரிங்குக்கும் உப்புத் தண்ணீர் கூடவே கூடாது.

கரன்ட் பில் குறையவும் வழி உண்டு. மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடல் காற்று வரும். அந்தப் பக்கம் பெரிய ஜன்னல், எதிர்ப்பக்கம் காற்று வெளியேற வழி வையுங்கள். மேற்குச் சுவருக்கு நிழல், மொட்டை மாடிக்கு வெள்ளை கூலிங் டைல்ஸ் இருந்தால் ஏ.சி. ஓடும் நேரம் குறையும். ஜன்னல்களுக்குத் துருப்பிடிக்காத யு.பி.வி.சி. நல்லது.

மனைக்கு அட்வான்ஸ் தருகிறீர்களா? உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். பணம் அப்புறம்!